காத்தலும் பற்றும்

பொருளைச் சேர்ப்பதால் பற்று வளர்கிறது. பற்றினால் வினை கட்டுகிறது. வினையினால் பிறவி நீள்கிறது. நம் குடும்பங்களில் பிறந்த குழந்தைகள் எழுத்தறிவதற்கு முன்பே கேட்டு வளரும் அறவுரை இது. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறர்மனை நயவாமை என்பவற்றோடு மிகுபொருள் விரும்பாமையையும் சேர்த்து ஐந்து அணுவிரதங்களாக இல்லறத்தார்க்கு நம் முன்னோர் வகுத்தனர். துறவி யாவற்றையும் துறக்கிறார். இல்லறத்தார் தம் தேவைக்கு ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதனுள் நிற்கின்றனர்.

அவ்வாறாயின், பயன் ஒழிந்த பழம்பொருள்களைத் தேடித் திரட்டி, பெட்டியில் இட்டு, காவலும் வைத்துப் போற்றும் அருங்காட்சியகத்தை நாம் எவ்வாறு கருதுவது? அது அறிவின் இருப்பிடமா, பற்றின் பண்டகசாலையா?

இது வெறும் வாதத்திற்காக எழுப்பும் வினா அன்று. கிராமங்களில் உள்ள நம் மூதாதையர் இல்லங்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வருகின்றன. பிள்ளைகள் நகரங்களில் குடியமர்ந்துவிட்டனர். வீட்டைக் காலி செய்யும் நாளில், பரணிலிருந்து இறக்கப்படும் ஏட்டுச் சுவடிகளையும் பித்தளைக் குத்துவிளக்குகளையும் பூசைப் பாத்திரங்களையும் என் செய்வது என்ற கேள்வி எழுகிறது. வைத்திருந்தால் பற்று, எறிந்தால் பாவம் என்று மனம் இரண்டு பக்கமும் இழுக்கிறது. ஆகவே இவ்வினாவுக்கு விடை காண்பது நம் அனைவர்க்கும் இன்றியமையாதது.

கடற்கரைக் கோட்டை

சில மாதங்களுக்கு முன் நாமும் உறவினர் சிலரும் குழந்தைகளுடன் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடிக்குச் சென்றிருந்தோம். அங்கே கடலை ஒட்டி நிற்கும் டான்ஸ்போர்க் கோட்டையைத் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அருங்காட்சியகமாகப் பேணி வருகிறது. ஊரார் அதனை டேனிஷ் கோட்டை என்பர்.

இவ்வூரின் பழம்பெயர் சடங்கன்பாடி. 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் கல்வெட்டு இப்பெயரைக் கூறுகிறது. 1620இல் டென்மார்க் நாட்டிலிருந்து ஓவே கெட்டே என்பவர் தலைமையில் கப்பல்கள் வந்தன. மிளகு முதலிய பொருள்களின் வணிகம் அவர்கள் நாட்டம். தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டு இடம் அளித்தார். அவ்வாண்டிலேயே கோட்டைப் பணி தொடங்கிற்று. 1845இல் டென்மார்க் அரசு இவ்வூரை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. மனிதர் வாழும் ஊரொன்று ஒரு கைமாற்றுப் பத்திரத்தால் கொடி மாறியது. பின்னர்ப் பயணியர் தங்கும் விடுதியாகவும் இருந்த இக்கட்டடம், 1970களின் பிற்பகுதியில் தொல்லியல் துறையின் பொறுப்பில் வந்தது.

கோட்டை இரண்டு அடுக்குகளை உடையது. கீழடுக்கில் பண்டங்களை வைத்த அறைகளும் சிறை அறைகளும் இருந்தன. மேலடுக்கில் ஆளுநரும் மதகுருவும் வாழ்ந்தனர். வழிபாட்டுக் கூடமும் அங்கேயே இருந்தது. மேல்தளத்தின் கூரை ஒட்டகத்தின் திமில் போல வளைந்து வளைந்து செல்லும். பீங்கான் கலங்கள், சீன நாட்டுத் தேயிலைச் சாடிகள், கண்ணாடிப் பொருள்கள், மாக்கல் விளக்குகள், சுடுமண் உருவங்கள், சுதைப் பாவைகள், வாள், ஈட்டி, குத்துவாள், சிறு பீரங்கிக் குண்டுகள், திமிங்கிலத்தின் எலும்புப் பகுதி என்று காட்சிப் பொருள்கள் பலவகை. பழைய ஆவணங்களும் உண்டு.

ஓர் ஐயம்

எம்முடன் வந்திருந்த மூத்த உறவினர் ஒருவர் விரதங்களில் உறுதி மிக்கவர். நாம் அண்ணா என்றழைக்கும் உரிமையினர். பீங்கான் கலங்களைச் சற்று நேரம் நோக்கியிருந்துவிட்டு அவர் கூறினார்: "அம்மா, இதைச் சேர்த்தவன் போய்விட்டான். உண்டவன் போய்விட்டான். உடைந்த சட்டியைக் கண்ணாடிக்குள் வைத்துக் காவல் காக்கிறோம். ஒருவன் விட்டுச் சென்ற பரிகிரகத்தை நாடே சுமக்க வேண்டுமா?"

அவர் சொல்லை எளிதாகத் தள்ளிவிட இயலாது. மண்ணாலும் உலோகத்தாலும் ஆன உயிரற்ற பொருள்கள் எல்லாம் புத்கலமே. அவை கூடுவதும் பிரிவதும் இயல்பு. அவ்வியல்பை மறித்து நிற்பது ஒருவகை அறியாமை என்று ஒருவர் வாதிட்டால், நம் நூல்களிலேயே அதற்குச் சான்று காட்டலாம்.

அதே வேளையில் எம் பேத்தி வேறொன்று கேட்டாள். "பாட்டி, இதெல்லாம் இப்போது யாருடையது?" என்றாள். ஆளுநருடையதா, டென்மார்க்குடையதா, நாயக்கருடையதா, அரசாங்கத்தினுடையதா என்று அவளே அடுக்கினாள். பெரியவர் எழுப்பிய ஐயத்திற்குச் சிறுமியின் வினாவிலேயே விடை தொடங்குகிறது என்று நமக்குத் தோன்றியது.

பொருளிலா, உள்ளத்திலா?

தத்துவார்த்த சூத்திரம் பரிகிரகத்தை விளக்கும்போது பொருளின் எண்ணிக்கையையோ விலையையோ கூறுவதில்லை. உள்ளத்தில் எழும் மயக்கத்தையே அது பரிகிரகமாகக் காண்கிறது. "எனது" என்னும் எண்ணமே கட்டு. குடிசையில் இருக்கும் ஒரு மண்பானை ஒருவனைக் கட்டிப்போடக்கூடும். மாளிகையில் வாழ்வோன் ஒருவன் கட்டற்று இருத்தலும் கூடும்.

இதற்கு நம் கண்முன் உள்ள சான்று துறவியர் வாழ்வே. ஆடையையும் துறந்த திகம்பர முனிவர் மூன்றை மட்டும் தம்முடன் கொள்கிறார்: மயிற்பீலி, கமண்டலம், சாத்திரம். சிற்றுயிர்களைத் துன்புறுத்தாமல் விலக்கப் பீலி, தூய்மைக்குக் கமண்டலம், அறிவுக்குச் சாத்திரம். இவற்றை அவர் பேணுகிறார். ஆயினும் உடைமையாகக் கருதுவதில்லை. பேணுதலும் உடைமை கொள்ளுதலும் ஒன்றாயின் முனிவரின் கையில் இம்மூன்றும் இருத்தல் இயலாது. ஆகவே பொருளைக் காத்தல் வேறு, பொருளில் பற்று வைத்தல் வேறு என்பது நம் அறநெறியே ஏற்றுக்கொண்ட வேறுபாடு.

இனிப் பீங்கான் கலத்துக்கு வருவோம். ஆளுநர் வீட்டு மேசையில் அது இருந்தபோது அவருடைய செல்வத்தின் அடையாளம். அதை உடைத்த பணியாளன் அதட்டப்பட்டிருக்கலாம். அதைக் கண்ட வணிகன் அதுபோல் தனக்கும் வேண்டும் என்று ஏங்கியிருக்கலாம். இன்று அதில் உண்பவர் இல்லை. அதை விற்பவர் இல்லை. மகனுக்கு எழுதிவைப்பவர் இல்லை. காண வரும் எவரும் அதைக் காணலாம். எவரும் எடுத்துச் செல்ல இயலாது. கலம் அதே கலந்தான். "எனது" என்பது மட்டும் அதிலிருந்து கழன்றுவிட்டது. பேத்தியின் வினாவுக்கு நாம் கூறிய விடையும் இதுவே: "அனுபவிக்க யாருக்கும் உரியதன்று, அறிந்துகொள்ள எல்லார்க்கும் உரியது."

வாளும் அப்படியே. கொல்லாமையைப் போற்றும் நாம் ஆயுதங்களைக் காட்சிக்கு வைப்பதில் தயங்குவது இயற்கை. ஆனால் பெட்டியிலுள்ள வாள் இனி எவ்வுயிரையும் தீண்டாது. அது செய்த தீமையின் நினைவு மட்டும் எஞ்சி நிற்கிறது. அந்நினைவு பிள்ளைகளுக்கு வேண்டும். ஆசிரியப் பயிற்சியில் தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று நமக்குக் கற்பித்தனர். பீரங்கிக் குண்டின் அருகில் நின்ற சிறுவன் அதன் பருமனைத் தன் கைம்முட்டியோடு ஒப்பிட்டு, "இது மேலே பட்டால் என்ன ஆகும்?" என்று தாயைக் கேட்டான். போர் என்ற சொல்லுக்குப் பொருள் அவனுக்கு அன்றுதான் விளங்கியிருக்கும்.

வந்த வழி

எனினும், காத்தல் எல்லாம் தூயது என்று முடித்துவிடலாகாது. அபரிகிரகத்திற்கு முன்னதாகக் கள்ளாமை நிற்கிறது. ஒரு பொருள் எவ்வழியில் வந்தது என்பதைக் கேளாமல், எவ்வளவு நன்றாகக் காக்கப்படுகிறது என்பதை மட்டும் கேட்பது அறமாகாது.

இரகுநாத நாயக்கர் டென்மார்க் மன்னர் நான்காம் கிறிஸ்தியனுக்குப் பொற்றகட்டில் தமிழில் பொறித்த கடிதம் ஒன்றை அனுப்பினார். பனையோலை வடிவில் அமைந்த அக்கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் உள்ளது. அது நம் நாட்டுக்குத் திரும்ப வேண்டாவா என்று உடன் வந்த இளைஞர் ஒருவர் வருந்திக் கேட்டார். எண்ணிப் பார்த்தால், ஒருவர் மனமுவந்து எழுதி அனுப்பிய மடல் பெற்றவருக்கே உரியது. கொடுத்ததை மீளக் கேட்பது நெறியன்று.

இதற்கு மாறான செய்தியும் உண்டு. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்ட நடராசர் செப்புத் திருமேனியை 2008இல் ஆஸ்திரேலிய நாட்டின் தேசியக் கலைக்கூடம் விலை கொடுத்து வாங்கியது. களவு வெளிப்பட்டபின் 2014இல் அத்திருமேனி இந்தியாவிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டது. அக்கூடத்தில் அதற்கு நல்ல பாதுகாப்பு இருந்திருக்கும், விளக்கொளியும் இருந்திருக்கும். ஆயினும் அங்கே அது இருந்த ஒவ்வொரு நாளும் களவின் தொடர்ச்சியே. கொடுத்தது வேறு, பறித்தது வேறு. இரண்டையும் ஒரே தட்டில் நிறுக்கலாகாது.

தரங்கம்பாடிக் கோட்டையின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பாடம் உள்ளது. 1669க்கு முன் நெடுங்காலம் டென்மார்க்கிலிருந்து ஒரு கப்பலும் வரவில்லை. தாய்நாட்டில் போரும் வறுமையும். இங்கிருந்தோர் இறந்தும் சென்றும் போக, எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பக்கே என்பவர் 1655 முதல் கோட்டையைத் தம் பொறுப்பில் ஏற்று, 1669இல் கப்பல் வரும்வரை விடாது காத்தார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். உரியவர் திரும்பி வருவர் என்ற நம்பிக்கையில் பிறர் பொருளைத் தன்னதாக்கிக் கொள்ளாமல் காத்த அவருடைய கடமையுணர்வைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதற்கான செல்வம் பெரிதும் வங்கக் கடலில் சென்ற பிறர் கப்பல்களைக் கைப்பற்றியதால் வந்தது. ஒன்றைக் காப்பதற்காகப் பிறிதொன்றைப் பறித்தார். அவரிடம் தன்னலம் இல்லை எனினும், மாலுமிகள் இழந்த பொருளுக்கு அது ஈடாகுமா? நல்ல நோக்கம் தீய வழியைத் தூய்மையாக்காது என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

காணப்படாதவர்

அருங்காட்சியகத்தில் உள்ளவற்றைக் காண்பது எளிது. இல்லாதவற்றைக் காண்பதே கடினம். ஆளுநர் உண்ட கலம் இருக்கிறது; அதைத் துலக்கிய பெண்ணின் பெயர் இல்லை. கோட்டைக்குத் திட்டம் வகுத்தவர் பெயர் கிடைக்கிறது. செங்கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர் பெயர் எதுவும் எஞ்சவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் இத்துறையிலிருந்து மனிதர்களே அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். வறுமையும் பஞ்சமும் தாக்கிய காலத்தில் விலைபோனவர்கள் அவர்கள். கண்ணாடிப் பெட்டியில் வைப்பதற்கு அவர்கள் விட்டுச் சென்ற பொருள் ஏதும் இல்லை. உடைமை இல்லாதவர்க்கு வரலாற்றில் இடமும் இல்லாமற் போகிறது.

இங்கேதான் அநேகாந்தம் நமக்குத் துணையாகிறது. ஒரு பொருளுக்குப் பல தன்மைகள் உண்டு. ஒரு கூற்று அவற்றுள் ஒன்றையே சொல்லும். பீங்கான் கலத்தின் கீழுள்ள குறிப்பு அது எந்நாட்டது என்று கூறும். அது பொய்யன்று, முழுமையும் அன்று. வணிகத்தின் பக்கம் ஒன்று, கைத்திறனின் பக்கம் ஒன்று, கடலில் மாண்டவர் பக்கம் ஒன்று, துலக்கியவர் பக்கம் ஒன்று. இவ்வூரில் டேனிஷ் மன்னரின் ஆதரவோடு 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்றார்; அச்சுக்கூடம் நிறுவித் தமிழில் நூல்களை அச்சிட்டார். அடிமைகளை ஏற்றிய அதே துறையில்தான் அச்செழுத்தும் வந்திறங்கியது. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைத்தால் நாம் ஏகாந்தத்தில் வீழ்வோம். குழந்தைகளை அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்வோர், "இது என்ன?" என்பதோடு நிறுத்தாமல், "இதைச் செய்தவர் யார்? இதனால் துன்புற்றவர் யார்?" என்றும் கேட்கப் பழக்க வேண்டும். காட்சிப் பொருள் வாய் பேசாது. நம் வினாவே அதனைப் பேச வைக்கும்.

அழிவன அழிய

எல்லாம் அழியும் எனில் ஏன் காக்க வேண்டும் என்னும் ஐயம் இன்னும் எஞ்சியுள்ளது. தரங்கம்பாடியில் அழிவைக் கண்ணாரக் காணலாம். மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியபோது இவ்வூர் மக்கள் பட்ட துன்பம் சொல்லில் அடங்காது. கோட்டை நின்றது, உயிர்கள் பல நில்லாது போயின. காக்கப்பட வேண்டியவற்றுள் முதலிடம் உயிருக்கே என்பதை அந்த நாள் நமக்கு உணர்த்திற்று. பழஞ்சுவருக்குச் செலவிடுவோர் அதன் நிழலில் வாழும் மீனவக் குடும்பத்தை மறந்தால், அந்தக் காப்பு பொருளற்றது.

ஆனால் அழியும் என்பதாலேயே காக்க வேண்டா என்பது பொருந்தாது. நம் தத்துவம் பொருளைத் தோற்றம், அழிவு, நிலைபேறு ஆகிய மூன்றும் கூடியதாகக் கூறுகிறது. திரவியம் நிலைக்கிறது, பரியாயங்கள் மாறுகின்றன. இக்கோட்டை வணிகரின் அரணாக இருந்தது. பயணியர் விடுதியாக இருந்தது. இன்று மாணவர் வந்து கற்கும் கூடமாக இருக்கிறது. நாளை வேறொன்றாகலாம், கடலும் கொள்ளலாம். மாற்றத்தைத் தடுக்க எவராலும் இயலாது. ஒரு பரியாயம் மறைவதற்கு முன் அடுத்து வருவோர் அதனை ஒருமுறை கண்டு அறிய வழி செய்வதே காத்தலின் பணி. உடலும் அழிவதுதான்; அழியும் என்பதற்காக நோயாளிக்கு மருந்து கொடாமல் இருக்கிறோமா? மருந்து கொடுப்பதை நம் முன்னோர் தானங்களுள் ஒன்றாக அன்றோ வைத்தனர்!

நம் பரண்கள்

இனி நம் வீடுகளுக்கு வருவோம். ஆகாரம், மருந்து, சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் சாத்திர தானமும் ஒன்று. ஓலை நெடுங்காலம் நில்லாது என்பதை உணர்ந்து, நம் முன்னோர் நூல்களைப் படியெடுப்பித்து முனிவர்க்கும் கற்போர்க்கும் வழங்கினர். அது சேமிப்பாக மட்டும் இருந்ததில்லை; வழங்குதலாகவும் இருந்தது. பூச்சிகளைக் கொல்லாமல் விலக்குவதற்குச் சுவடிக் கட்டுகளுக்கிடையே வசம்பும் வேப்பிலையும் வைத்தனர். காத்தலிலும் கருணையைக் கைவிடவில்லை.

அதன் பயனை நாடறியும். டாக்டர் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை ஆராயத் தொடங்கியபோது, குடந்தையில் வாழ்ந்த சமண அன்பர்கள் நூலின் சமயப் பொருளை அவருக்கு விளக்கி உதவினர். அவர் சைவர், இவர்கள் சமணர். "எங்கள் நூல்" என்று அவர்கள் கதவடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1887இல் சிந்தாமணி அச்சேறியது. தமிழுலகம் முழுமைக்கும் உரியதாயிற்று. வழிவழியாகப் படித்துக் காத்தவர்கள், கேட்டவர்க்குக் கொடுத்தார்கள். பற்றில்லாத காத்தலுக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு உண்டோ?

இதற்கு எதிரான ஒன்றையும் நாம் அறிவோம். நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் தந்தையார் விட்டுச் சென்ற சுவடிக் கட்டுகள் ஒரு மரப்பெட்டி நிறைய இருந்தன. உடன்பிறந்தோர் இருவரும் கற்றவர், நல்லவர். பெட்டி தமக்கே உரியது என்று மூத்தவரும், தமக்கும் பங்கு உண்டு என்று இளையவரும் கூறினர். முடிவாகும்வரை ஒருவரும் திறக்கலாகாது என்று பூட்டிப் பரணில் ஏற்றினர். படியெடுக்க வேண்டி வந்த அறிஞர் ஒருவரும் வெறுங்கையோடு திரும்பினார். ஆண்டுகள் பல சென்றபின் பெட்டி திறக்கப்பட்டபோது, உள்ளே செல்லரித்த துகளே இருந்தது. அதில் என்ன நூல்கள் இருந்தன என்பதை இனி ஒருவரும் அறியார். அவ்வேடுகளைச் செல் தின்றது என்பர். "எனது" என்னும் சொல் முதலில் தின்றது. செல் பின்னர் வந்தது.

ஆகவே, வீட்டைக் காலி செய்யும் நாளில் மூன்று வினாக்களை நாம் நம்மையே கேட்டுக்கொள்ளலாம். முதலாவது, இப்பொருள் நேரிய வழியில் நம்மிடம் வந்ததா? கோயிலுக்கு உரியது, பிறருக்கு உரியது எனத் தெரிந்தால் உரிய இடத்தில் சேர்த்துவிட வேண்டும். இரண்டாவது, இதனைக் காண்பதாலும் படிப்பதாலும் பிறர்க்கு அறிவு வளருமா? வளரும் எனில் அது பூட்டியிருக்கத் தக்கதன்று. மூன்றாவது, தக்கவர் கேட்டால் இன்றே கொடுக்க மனம் இசைகிறதா? இசைந்தால் அதுவரை நாம் காவலர். இசையாவிட்டால் பற்று நம்மைக் காவல் வைத்திருக்கிறது என்று உணர வேண்டும்.

அவ்வாறு கொடுக்க இடம் இல்லாமல் இல்லை. மேல்சித்தாமூர் மடம் உள்ளது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகமும் டாக்டர் உ.வே. சாமிநாதையர் நூல்நிலையமும் உள்ளன. தஞ்சையில் சரசுவதி மகால் நூலகம் அரண்மனை வளாகத்திலேயே இயங்குகிறது. அரசர் திரட்டிய சுவடிகள் இன்று ஆய்வோர் அனைவர்க்கும் பயன்படுகின்றன. கொடுக்க மனமில்லாதோர் படியெடுக்கவேனும் இசையலாம். நாள்தோறும் பூசையில் வைத்து வணங்கும் சுவடியை வீட்டிலேயே வைத்திருப்பதிலும் தவறில்லை. ஆண்டுக்கொரு முறையாவது கட்டவிழ்த்துப் பார்த்து, படிக்க விரும்புவோர்க்குக் கதவைத் திறந்து வையுங்கள்.

அறிவுக்கு உதவாதவற்றை, வழங்காத பாத்திரம், உடுத்தாத பட்டு, பெருமைக்காக மட்டும் வைத்திருக்கும் பண்டம் ஆகியவற்றை, தேவையுள்ளோர்க்குக் கொடுத்துவிடலாம். அவற்றுக்கும் அருங்காட்சியகம் தேடுவதே பற்று. எதனைக் காப்பது, எதனை விடுவது என்று பகுத்தறிவதே நற்காட்சியோடு கூடிய நல்லறிவின் வேலை.

நமக்குப் பின் வருவோர்க்கு நாம் வைத்துச் செல்வது குறைவாக இருக்கலாம். அது நேர்வழியில் வந்ததாகவும், பலர் கண்டு தெளிவதற்கு உரியதாகவும், விடும் நாளில் விட இயல்வதாகவும் இருக்கட்டும். பெட்டியைப் பூட்டும் கைகளாக இராமல், சுவடியைக் கட்டவிழ்த்துக் காட்டும் கைகளாக நம் கைகள் விளங்குவனவாகுக.